மூன்றாவது கயிறு

நான் பழைய கார் வாங்கியவன் இல்லை. ஓடுகிற காராகப் பார்த்துத்தான் வாங்கினேன். முப்பத்தெட்டு வருஷத்தில் அது தானாகப் பழசாகிவிட்டது. ஒரு நாள் பல் டாக்டர் ஒருவர் சிக்னலில் என் பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடியை இறக்கி, "பெரியவரே, இந்த வண்டி எங்க கிளப்புல இருக்க வேண்டியது" என்றார். என்னை அல்ல, வண்டியைத்தான் கூப்பிட்டார். வண்டி தனியாகப் போகாது என்பதால் நானும் போனேன்.

கிளப் என்றால் வேறொன்றும் இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கார்க்காரர்கள் முப்பது பேர் வரிசையாக எங்காவது போவார்கள். போகிற இடத்தில் பானெட்டைத் திறந்து வைத்து, ஒருத்தர் இன்ஜினை ஒருத்தர் எட்டிப் பார்த்து, "ஆகா" என்பார்கள். அப்புறம் சாப்பிடுவார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை ராலி. அதில் வழிப் புத்தகம் ஒன்று தருவார்கள். "தண்ணீர்த் தொட்டி தாண்டி இரண்டாவது வலது" என்கிற மாதிரி எழுதியிருக்கும். பக்கத்து சீட்டில் இருப்பவர் அதைப் படிக்க, ஓட்டுகிறவர் ஓட்ட வேண்டும். எனக்குப் படிப்பது என் வீட்டுக்காரி. அவள் படித்து இதுவரை ஒரு திருப்பம்கூடத் தவறியது கிடையாது. அதற்காக அவளுக்கு ஒரு கோப்பை வேறு கொடுத்திருக்கிறார்கள். அதை டி.வி. மேல் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறாள்.

அந்தப் பல் டாக்டர்தான் கிளப் செயலாளர். ஆள் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார். அப்படிச் சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. சட்டைப் பையில் பல் பார்க்கிற குச்சிக் கண்ணாடி ஒன்று இருக்கும். இன்ஜினுக்குள் அதை விட்டு, யார் வண்டியில் எங்கே சொத்தை என்று பார்ப்பார்.

கயிறு விதியைக் கொண்டுவந்ததும் அவர்தான். ராலியில் கடைசியாக ஒரு வேன் வரும். அதில் என் மச்சான் இருப்பான், என் வீட்டுக்காரியின் தம்பி, மெக்கானிக். வழியில் படுத்துவிட்ட வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வருவது அவன் வேலை. மூன்று தடவை கயிற்றில் வந்தால் அந்த வண்டி ராலிக்கு லாயக்கில்லை. பொம்மை வரிசைக்குப் போய்விடும். பொம்மை வரிசை என்பது நான் வைத்த பெயர். அந்த வண்டிகள் லாரியில் ஏறி வந்து, இறங்கி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்கும். உடையவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். வழிப் புத்தகம் கிடையாது. பக்கத்து சீட்டு கிடையாது.

எனக்கு இரண்டு கயிறு ஆகிவிட்டது.

முதல் கயிறு ரேடியேட்டர் ஹோஸ் வெடித்ததால். "நூறு அடிதானே இழுத்தான், இதெல்லாம் கணக்கா?" என்று கேட்டேன். அடுத்த கூட்டத்திலேயே பல் டாக்டர், "கயிறு கட்டினாலே கணக்கு, ஒரு அடி இழுத்தாலும் சரி" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டாவது கயிற்றைப் பற்றிச் சொல்வதற்கு முன் ரோட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பழைய வண்டியில் இன்ஜின் பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு குடுவை இருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே கட்டைவிரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு துண்டு. அதுதான் ரோட்டர். அது சுற்றினால்தான் ப்ளக்குக்குக் கரண்ட் போகும். அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் ஊரே கூடி வந்து சாவி போட்டாலும் வண்டி கிளம்பாது. நான் எங்கே வண்டியை நிறுத்தினாலும் ரோட்டரை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்வேன். காரணம் இருக்கிறது. நான் முப்பது வருஷம் ரொட்டி வேன் ஓட்டியவன். ஒரு நாள் காலை கடைக்குள் நாலு ரொட்டி கொடுத்துவிட்டு வருவதற்குள் வேனைக் காணோம். மறுநாள் வேன் கிடைத்தது. இருநூறு ரொட்டி கிடைக்கவில்லை. அன்றோடு நம்பிக்கை போனது.

இரண்டாவது கயிறு அந்த ரோட்டரால்தான். போன ராலியில், கைக்குட்டை ஈரமாக இருக்கிறதே என்று வேறு எங்கோ பத்திரமாக வைத்தேன். எங்கே என்று எனக்கே தெரியாத அளவுக்குப் பத்திரம். ஒரு மாதம் கழித்துச் சர்க்கரை டப்பாவில் இரண்டாக உடைந்து கிடைத்தது. அதற்குள் மச்சான் தன் பட்டறையில் இருந்த ஒரே ரோட்டரை எனக்குப் போட்டுவிட்டான்.

"இனிமே இதைத் தொலைச்சீங்கன்னா என்கிட்ட வராதீங்க மாமா. இந்த மாடலுக்கு இப்ப எங்கயும் கிடைக்கல. ஒன்னுதான் இருந்துச்சு."

வீட்டுக்காரி அதன் தலையில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி வைத்தாள். கறுப்பாக இருந்தால் கண்ணில் படாது என்றாள். அதைக் கிளப் கூட்டத்தில் நான் வெளிப்படையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பல் டாக்டர்தான் அதிகம் சிரித்தார். அவருக்கு அதுவரை ஒரு கயிறுகூட இல்லை.

இன்னொன்றும் நடந்தது. அவர் வண்டியும் என் வண்டியும் ஒரே மாடல். அவருடையது வெள்ளையாக இருந்தது. திடீரென்று, "கம்பெனி முதல்ல போட்ட கலர் சாம்பல்தான்" என்று சாம்பல் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். அப்படியே என் வண்டியின் கலர்.

"என்ன டாக்டர், காப்பி அடிச்சுட்டீங்க?"

"பெரியவரே, இப்ப ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு பாருங்க. உங்களுக்கே அடையாளம் தெரியாது."

"கண்ணைக் கட்டி விடுங்க. இன்ஜினைத் தொட்டே சொல்லுவேன், எது என்னோடதுன்னு."

இப்படி வாயை விட்டவன் நான்தான். மறைக்கவில்லை.

ராலி அன்று காலை எல்லாம் ஒழுங்காகவே போனது. வீட்டுக்காரி படித்தாள், நான் திருப்பினேன். எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு படிக்கிற கண்ணாடி. ராலி நாளில் அது அவள் மூக்கில்தான் இருக்கும். எனக்குத் தூரம் நன்றாகத் தெரியும். கிட்டே எதுவும் தெரியாது. ரோட்டில் கிட்டே பார்க்க என்ன இருக்கிறது?

பதினோரு மணியிலிருந்தே எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. வயசானால் அப்படித்தான். ஏரிக்கரைப் பூங்காவில் சாப்பாட்டுக்கு நிறுத்தச் சொன்னதும், மூன்றாவது மரத்தடியில் வண்டியை விட்டு, பானெட்டை மட்டும் தூக்கி நிறுத்திவிட்டு ஓடினேன். ரோட்டரை எடுக்கவில்லை. கைப்பிரேக்கைக்கூடப் போடவில்லை. கழிப்பறை வாசலில் ஏழு பேர் வரிசை. எல்லோரும் பழைய கார்க்காரர்கள், எல்லோரும் என் வயசு.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக மூன்றாவது மரத்தடிக்குப் போனேன். சாம்பல் வண்டி, திறந்த பானெட். நம்பர் பிளேட் மேல் எல்லோருக்கும் ராலி அட்டை ஒட்டியிருந்தார்கள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடி இல்லாமல் யார் பார்த்தது? மூடியைக் கழற்றினேன், ரோட்டரை உருவினேன், கைக்குட்டையில் சுற்றினேன், பையில் வைத்தேன், மூடியை மூடினேன். கை பழகிய வேலை. அப்புறம்தான் நிம்மதியாக இரண்டு முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டேன்.

விசில் ஊதினார்கள். ஒரு நிமிஷத்துக்கு ஒரு வண்டியாகக் கொடி காட்டி அனுப்புவார்கள். நாலு மணிக்கு மணி அடிப்பதற்குள் முடிவிடத்தில் இருக்க வேண்டும். மணிக்கு அப்புறம் வந்தால் அதுவும் ஒரு கயிறு.

நான் மூன்றாவது மரத்தடிக்கு நடந்தேன். வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க எங்க போறீங்க? நம்ம வண்டி இங்க இருக்கு. ரெண்டு சாம்பலும் ஜோடியா நின்னா போட்டோ நல்லா வரும்னு டாக்டர் நம்மளதைத் தள்ளி வைக்கச் சொன்னாரு."

அவள் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் அதே நேரத்தில் வேறொரு சத்தமும் காதில் விழுந்தது. பல் டாக்டரின் ஸ்டார்ட்டர். ர்ர்ர் ர்ர்ர் ர்ர்ர் என்று கத்துகிறது, வண்டி கிளம்பவில்லை. இன்னொரு தடவை. கிளம்பவில்லை. ஒரு கயிறுகூட வாங்காத வண்டி! எனக்கு வந்த சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. பானெட்டை இறக்கினேன், ஏறி உட்கார்ந்தேன், சாவியைத் திருப்பினேன், கிளம்பிவிட்டது. கண்ணாடியை இறக்கி, "டாக்டர், மயக்க ஊசி போட்டுட்டீங்களா வண்டிக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போனேன். கொடி காட்டியவர்கூடச் சிரித்தார்.

"வயசுக்கு ஏத்த பேச்சா இது?" என்றாள் வீட்டுக்காரி.

"நீ படி."

"செங்கல் சூளை தாண்டி இடது."

அரை மணி நேரம் அருமையாகப் போனோம். அப்புறம் மண் ரோடு வந்தது. முன்னால் போன வண்டி கிளப்பிய புழுதியில் எனக்குத் தும்மல் வந்தது. கைக்குட்டையை எடுத்து உதறினேன். மடியில் ஏதோ விழுந்தது. தொட்டுப் பார்த்தேன்.

ரோட்டர்.

வண்டி ஐம்பதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ரோட்டர் என் மடியில் இருக்கிறது. நின்றுவிடும் என்று ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நிற்கவில்லை.

"உன் தம்பி ஏதோ பண்ணியிருக்கான்," என்றேன்.

"என்ன பண்ணினான்?"

"எனக்குத் தெரியாம வேற ரோட்டர் போட்டிருக்கான். ஒன்னுதான் இருக்குன்னு பொய் சொல்லியிருக்கான். எதுக்கு பொய் சொன்னான்?"

"வண்டியை நிறுத்துங்க முதல்ல."

நிறுத்தினேன். அவளே இறங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, நான் மூடியைக் கழற்ற உள்ளே பார்த்தாள். அப்புறம் என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"உள்ள இருக்கறதுல சிவப்புப் புள்ளி இருக்கு. இதுல இல்ல. இது யாருதுங்க?"

அப்போதுதான் மூன்றாவது மரம், ஜோடி போட்டோ, ர்ர்ர் ர்ர்ர் எல்லாம் ஒன்றாக வந்து மண்டையில் இடித்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பானெட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கண்ணைக் கட்டி விட்டா தொட்டே சொல்லுவாராம்!"

"சரி சரி, ஏறு. நேரமாவுது."

"ஏறறேன். வண்டியைத் திருப்புங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? அந்த மனுஷன் அங்க நிக்கறாரு. அவர் சாமான் உங்க கையில இருக்கு."

"இந்தா பாரு. திரும்பிப் போனா நாலு மணிக்குள்ள போய்ச் சேர முடியாது. மூணாவது கயிறு. அடுத்த ராலிக்கு நம்ம வண்டி லாரியில ஏறி வரும். நீயும் நானும் ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கணும். அவருக்கு ஒரு கயிறு ஆனா என்ன குறைஞ்சிடும்? எனக்கு ரெண்டு எழுதினப்போ சிரிச்சாரே!"

"நீங்க திருடல, தெரியாம எடுத்தீங்க. இப்ப தெரிஞ்சுபோச்சு. இனிமே வெச்சுக்கிட்டா அதுக்குப் பேரு வேற. ரொட்டி வேனை எடுத்துட்டுப் போனானே ஒருத்தன், அவனை எத்தனை வருஷம் திட்டினீங்க?"

"அது இருநூறு ரொட்டி!"

அவள் சீட்டில் உட்கார்ந்தாள். வழிப் புத்தகத்தை மூடினாள். அதை எடுத்துத் தனக்குக் கீழே வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"படிக்க மாட்டேன். உங்களுக்கு வழி தெரிஞ்சா போங்க."

எனக்கு வழி தெரியாது. அது அவளுக்கும் தெரியும். முப்பத்தெட்டு வருஷமாகப் பக்கத்து சீட்டில் இருக்கிறவளோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. வண்டியைத் திருப்பினேன். திட்டிக்கொண்டேதான் திருப்பினேன்.

பாதி தூரம்கூடப் போகவில்லை, எதிரே மச்சான் வேன் வந்தது. பின்னால் கயிறு. கயிற்றின் அந்தப் பக்கம் சாம்பல் வண்டி. உள்ளே பல் டாக்டர், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. அவர் சிரிக்காமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

எல்லோரும் நின்றோம். நான் இறங்கி, என் பானெட்டைத் திறந்து, என் ரோட்டரை எடுத்து, டாக்டருடையதைச் சுற்றி வைத்திருந்த கைக்குட்டையிலேயே சேர்த்துச் சுற்றிக்கொண்டேன். யோசித்துச் செய்தது இல்லை. வண்டி நின்றால் என் கை தானாக அதைச் செய்யும்.

மச்சான் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"மாமா, போன் எங்க?"

"அணைச்சு வெச்சிருக்கேன். எடுத்தா எவனாவது ரகசிய நம்பர் கேப்பான்."

"பதினோரு தடவை கூப்பிட்டேன். டாக்டர் வண்டி மூடியைத் திறந்தவுடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உலகத்துலயே ரோட்டரை மட்டும் திருடற ஆள் எங்க அக்கா வீட்டுக்காரர்தான். ஒயர்ல கோளாறுன்னு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். சத்தம் போடாம மாட்டுங்க."

நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எனக்கு மறைத்துப் பேசத் தெரியாது. ஆனால் பல் டாக்டர் அதற்குள் இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்காகவா திரும்பி வந்தீங்க? உங்களுக்கு ரெண்டு கயிறு இருக்கு, நேரம் இல்ல, அப்படி இருந்தும்? அண்ணே!"

அதுவரை நான் பெரியவர். இப்போது அண்ணன். கண் வேறு கலங்கியிருந்தது. இந்த நிலையில் ஒரு மனுஷனிடம் என்ன சொல்வது?

"தள்ளுங்க, பாக்கறேன்," என்றேன்.

அவர் பானெட்டுக்குள் குனிந்தேன். முதுகால் மறைத்துக்கொண்டு கைக்குட்டையை அவிழ்த்தேன். ஒன்றை எடுத்து மாட்டினேன், மூடியை அழுத்தினேன். "போடுங்க." கிளம்பியது. பல் டாக்டர் கை தட்டினார். என் வண்டிக்கு வந்து மிச்சம் இருந்ததை மாட்டினேன். அதுவும் கிளம்பியது. மச்சான் கயிற்றை அவிழ்த்தான்.

"என்ன கோளாறுண்ணே?" என்று பல் டாக்டர் கத்தினார்.

"சின்னதுதான்! ஓட்டுங்க!"

அப்புறம் நாங்கள் ஓட்டியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. அறுபதைத் தாண்டினால் என் வண்டியின் கதவுகள் அழும், எழுபதில் முன் கண்ணாடி நடுங்கும். எழுபத்தைந்தில் என்ன ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது. பின் சீட்டு முன்னால் வந்துவிட்டது. வீட்டுக்காரி புத்தகத்தைக் கீழேயிருந்து உருவி, குரல் ஏறி இறங்காமல் படித்தாள். "பாலம். வலது. மூணு பனை மரம். இடது. மாட்டை இடிக்காதீங்க. அது புத்தகத்துல இல்ல, நான் சொல்றேன்." பல் டாக்டர் என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் படித்துச் சொல்ல ஆள் கிடையாது, தானே படித்து ஓட்டுகிறவர். அன்று என் வீட்டுக்காரி படித்ததில்தான் அவரும் வந்து சேர்ந்தார்.

முடிவிடத்துக்குள் நான் நுழைகிறபோது மணி அடிக்கிறவர் கையைத் தூக்கிவிட்டார். எனக்குப் பின்னால் டாக்டர் நுழைந்தார். மணி அடித்தது.

கயிறு இல்லை. வீட்டுக்காரி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். நான் இறங்கி டயரை ஒரு உதை உதைத்தேன். அன்பாகத்தான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கடைசியில் எல்லோரும் பானெட்டைத் திறந்து வைக்க வேண்டும், அது வழக்கம். பல் டாக்டர் சும்மா இருப்பாரா? நான் என்னதான் பழுது பார்த்தேன் என்று தெரிந்துகொள்ள மூடியைக் கழற்றி, குச்சிக் கண்ணாடியை உள்ளே விட்டார். விட்டவர் நிமிரவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாக என்னிடம் வந்தார். கையில் கயிறு நோட்டு.

"அண்ணே, எங்க வீட்டுல யாரும் சிவப்பு நகப்பூச்சு போடறதில்ல."

இரண்டில் எதை எதில் மாட்டினேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் வேலை செய்தால் இதுதான்.

"நான்தான் எடுத்தேன்," என்றேன். "என் வண்டின்னு நினைச்சு எடுத்தேன். நீங்கதான் இடம் மாத்தி வெச்சீங்க, நீங்கதான் என் கலரை அடிச்சீங்க. தெரிஞ்சதும் திரும்பி வந்தேன். நானா வரல, இவ புத்தகத்து மேல உக்காந்துக்கிட்டா. இப்ப எழுதறதை எழுதுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். கயிறு விதி போட்டவரே அவர்தான், இதற்கும் ஒரு கயிறு என்று எழுதினால் யார் கேட்பது? ஸ்டூல் கண்ணுக்குத் தெரிந்தது.

வீட்டுக்காரி இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"எழுதுங்க டாக்டர். எல்லாத்தையும் எழுதுங்க. உங்க வண்டியை எங்க தம்பி இழுத்துட்டு வந்தானே, அதையும் சேத்து எழுதிடுங்க. கயிறு கட்டினாலே கணக்குதானே?"

பேனா நின்றது. பல் டாக்டர் சுற்றிலும் பார்த்தார். அவர் கயிற்றில் வந்ததை எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. மச்சான் அப்போதுதான் வேனை ஓரம் கட்டிக்கொண்டிருந்தான். அவனை ஒரு பார்வை பார்த்தார். மச்சான் ஆகாயத்தைப் பார்த்தான்.

"ரெண்டு வண்டியும் சொந்த இன்ஜின்ல வந்துச்சு," என்று சொல்லிக்கொண்டே பல் டாக்டர் எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணல். பிறகு அவர் வண்டியின் பானெட்டைத் தானே இறக்கி மூடினார். வழக்கத்துக்கு விரோதம்தான், யாரும் கேட்கவில்லை.

"சரி, என் ரோட்டரைக் கொடுங்க," என்றேன்.

"நீங்க என்னுதைக் கொடுங்க."

"நீங்க முதல்ல."

"நான் கொடுத்தப்புறம் நீங்க கொடுக்கலைன்னா?"

"அதையேதான் நானும் கேக்கறேன்."

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

ஆறு மாதம் ஆகிறது. அவர் ரோட்டர் என் வண்டியில், என் ரோட்டர் அவர் வண்டியில். இரண்டும் நன்றாகத்தான் ஓடுகின்றன. இப்போது அவரும் வண்டியை நிறுத்தினால் ரோட்டரை உருவிக் கைக்குட்டையில் சுற்றிக்கொள்கிறார். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில்தான் வந்து உட்காருகிறார். முட்டையை உரித்து எனக்கு ஒன்று தருகிறார். வீட்டுக்காரி, "எப்படியோ உங்களுக்கும் ஒரு சிநேகிதர் கிடைச்சுட்டாரு" என்கிறாள். சிநேகிதமும் இல்லை, ஒன்றும் இல்லை. என் சாமான் அவர் பையில் இருக்கிறது, அதனால் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நடுவில் அவர் எழுந்து கழிப்பறைக்குப் போனார். நானும் எழுந்து பின்னாலேயே போனேன்.